ஆறு தாண்டிப் போன நாலு பூனைகள்

வில்லியனூர்,
வெள்ளிக்கிழமை

என்றும் என் மரியாதைக்குரிய பலராமன் அண்ணாவுக்கு, தங்கை ஜெயசித்ரா வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் உங்கள் மாப்பிள்ளையும் சௌக்கியம். பாகூரில் நீங்களும் அண்ணியும், ஏரியில் மிச்சமிருக்கும் தண்ணீரும், அதை நம்பியிருக்கும் கொக்கு நாரைகளும் சௌக்கியமாக இருக்க வேண்டுகிறேன். தினமும் போனில் பேசுகிறவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பீர்கள். போனில் நீங்கள் குறுக்கே பேசுவீர்கள். இதைக் குறுக்கே பேசாமல் கேட்க வேண்டும்.

சுகன்யாவுக்கு அடுத்த மாதம் பத்தாம் தேதி வளைகாப்பு. தாய்மாமன் நீங்கள்தான் முதல் வளையல் போட வேண்டும். நீங்கள் போடும்போது உங்கள் முகத்தை நான் நிமிர்ந்து பார்க்க வேண்டும். அதற்காகத்தான் எழுதுகிறேன்.

எங்கள் மாடிப்படிக்குக் கீழே ஐப்பசி மழைக்கு ஒரு பூனை ஒதுங்கியது. பாதி வால்தான் இருக்கும். எல்லாவற்றையும் அரைக்கண்ணால் கேட்டுக்கொண்டு ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருந்ததால் மந்திரி என்று பெயர் வைத்தேன். தெருவில் ஆறு வீட்டில் அதற்குச் சாப்பாடு, ஆறு வீட்டிலும் ஆறு பெயர், ஆனால் யார் வீட்டுப் பூனையும் இல்லை. நெத்திலி ஆய்ந்த அன்று ஒன்று போட்டேன், மறுநாள் தானாக வந்தது, தையில் மூன்று குட்டி போட்டது. எலி பிடிக்கும் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டேன். எலியைப் பிடித்து நான் பார்த்ததே இல்லை. ஓணானைப் பிடித்தது, வேலியில் கூடு கட்டிய தேன்சிட்டைப் பிடித்தது, பிறகு பக்கத்து வீட்டு கமருதீன் பாயின் மகள் இர்பானாவின் கையைக் கீறிவிட்டது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் குழந்தைக்கு நாலு ஊசி. நாலுக்கும் நான் கூடவே போனேன். பாய் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. நாலாவது ஊசியன்று வாசலில் நின்று, "ஒங்க பூனைக்கும் ஒரு ஊசி போட்டுட்டீங்கன்னா தேவலம்மா" என்றார். அது என் பூனை இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அந்த நேரம் பார்த்து அது என் காலைச் சுற்றிக்கொண்டு நிற்கிறது.

இதற்கு நடுவில் சுகன்யாவின் டாக்டர், பூனைக் கழிவில் ஒரு கிருமி உண்டு, வயிற்றில் இருக்கும் பிள்ளைக்கு ஆகாது என்றார். பூனை நாலும் போவது எதிர்மனையில் வீடு கட்டக் கொட்டியிருக்கிற மணலிலும் என் கீரைப் பாத்தியிலும்தான். அந்தக் கீரையைத்தான் நான் சத்து சத்து என்று சுகன்யாவுக்குக் கடைந்து அனுப்பிக்கொண்டிருந்தேன். டாக்டர் சொன்னது கையையும் கீரையையும் நன்றாகக் கழுவு, அந்த மண்ணைத் தொடாதே, அவ்வளவுதான். நான் என்ன செய்தேன், ஆற்றைத் தாண்டி விட்டால் பூனை திரும்பாது என்று யாரோ சொன்னதை நம்பி, அப்படியே விடுவது என்று முடிவு கட்டினேன். விலங்கியல் படித்தவள்தான் அண்ணா, சிரிக்காதீர்கள்.

தெருமுனை ஆட்டோ அன்புராஜ் இதில் கெட்டிக்காரனாம். இரண்டு சாக்கில் நாலையும் கட்டி ஏற்றினோம். நேராகப் போனால் பூனை வழியை மனசில் வைத்துக்கொள்ளுமாம், அதனால் மங்களத்தில் மூன்று சுற்று, கரிக்கலாம்பாக்கத்தில் மூன்று சுற்று, அப்புறம் கரும்புக் கொல்லைகளுக்கு நடுவே எத்தனை சுற்று என்று எனக்குத் தெரியாது. கடைசியில் வண்டியை நிறுத்தி, "யக்கா, பூனைக்கு வழி மறந்துட்ருக்கும். எனுக்கும் மறந்து போச்சி" என்றான். ஏதோ ஒரு ஏரிக்கரை. சாக்கை அவிழ்த்தோம், நாலும் இறங்கி ஓடின. திரும்பினால் மரத்தில் ஒரு பலகை: இது பறவைகள் குஞ்சு பொரிக்கும் காலம், யாரும் சத்தம் போட வேண்டாம், இப்படிக்கு பலராமன்.

உங்கள் ஏரியின் அந்தப் பக்கத்துக் கரைக்கு நான் வந்ததே இல்லை அண்ணா. மந்திரி மந்திரி என்று கூப்பிட்டுப் பார்த்தேன், கையில் நெத்திலி இல்லாததால் ஒன்றும் திரும்பவில்லை. தூரத்தில் உங்கள் மொபெட் வந்தது. முந்தானையைத் தலைக்குப் போட்டுக்கொண்டு, போ தம்பி போ என்று ஓடி வந்துவிட்டேன். ஆற்றுப் பாலத்தில் எதிரே ஒரு ஆட்டோ, பக்கவாட்டில் இரண்டு காலிச் சாக்கு. அன்புராஜ் அவனுக்குக் கை காட்டிவிட்டு, "அவன் பாகூர்க்காரன்க்கா. அவங்க ஊரு பூனைய நம்ம ஊர்ல உட்டுட்டுப் போறான்" என்றான். மறுநாள் காலை என் மாடிப்படிக்குக் கீழே புதிதாக இரண்டு.

அந்த வாரம் நீங்கள் போன் செய்தீர்கள். "ஆள்காட்டிக் குருவி தரையில நாலு முட்ட வெச்சிருந்திச்சி தங்கச்சி. ஒண்ணுகூட இல்ல. ஆணும் பொட்டையும் சுத்திச் சுத்திக் கத்திக்கினே கீது. எந்தப் பாவி பூனையக் கொண்டாந்து உட்டானோ" என்றீர்கள். தலையை மூடிய ஒரு பொம்பளையைப் பார்த்தேன், கடலூர் பக்கத்து ஆளாக இருக்கும் என்றும் சொன்னீர்கள். இருக்கும் அண்ணா என்றேன். அன்றிலிருந்து தினமும் போனில் அதே கேள்வி. என் பேரப்பிள்ளைக்கு ஆகாது என்று ஒன்றை விரட்டி, அதை இன்னொருத்தியின் நாலு பிள்ளைகள் மேல் ஏவிவிட்டிருக்கிறேன். என் கண்ணுக்கு மறைந்தால் போதும் என்று இருந்துவிட்டேன்.

நானே வந்து பிடிக்கிறேன். அடுத்த சனிக்கிழமை வலையும் நெத்திலியுமாக வருகிறேன். புதிதாக வந்த இரண்டையும் சேர்த்து ஆறையும் கால்நடை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் ஆபரேஷனும் ஊசியும் முடித்து, பின்கட்டில் கம்பிவலை அடித்து வைத்துக்கொள்கிறேன். சுகன்யா வந்தாலும் அந்தப் பக்கம் விட மாட்டேன். நீங்கள் திட்டுவதை எல்லாம் அன்றைக்கே திட்டித் தீர்த்துவிட்டு, பத்தாம் தேதி சிரித்த முகத்தோடு வாருங்கள். அண்ணிக்கு என் நமஸ்காரம். உங்கள் ஏரி நிறையட்டும், அடுத்த முட்டையாவது குஞ்சாகட்டும்.

உங்கள் தங்கை,
ஜெயசித்ரா

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது சுகன்யா போன் செய்தாள். மாமா போன வாரமே ஒரு போட்டோ அனுப்பினாராம், அம்மாவிடம் காட்டாதே என்றாராம், இவளுக்கு அதற்கு மேல் வாய் தாங்கவில்லை. எனக்கு அனுப்பினாள், பார்த்தேன். உங்கள் மடியில் பாதி வாலோடு மந்திரி, கழுத்தில் மணி, வயிற்றில் தையல் போட்ட இடம். பின்னால் கம்பிவலைக்குள் மூன்று தலைகள். அடியில் நீங்கள் எழுதியிருப்பது: "ஒங்கம்மா மொகத்த மூடிக்கினு வந்து அண்ணனுக்குச் செஞ்ச சீரு." ஆக, பாவி யார் என்று தெரிந்துகொண்டேதான் தினமும் என்னிடமே கேட்டிருக்கிறீர்கள். சனிக்கிழமை வரவில்லை. மந்திரிக்கு நெத்திலித் தலை பிடிக்காது, கிள்ளிவிட்டுப் போடுங்கள்.