மண்ணாங்கட்டி சாரின் இருபது தட்டுகள்

சென்னையில் மண்ணைக் கையில் எடுத்துக் கண்கலங்குபவர்கள் இரண்டே வகை. ஒன்று, மனை வாங்கி ஏமாந்தவர்கள். இன்னொன்று, எங்கள் மண்ணாங்கட்டி சார்.

அடையாறில் நான் வேலை பார்த்த ஆலோசனை நிறுவனத்தில் அவர்தான் காட்டு நிபுணர். மரம் வெட்டிய காடு மறுபடி தேறிவிட்டதா என்று பார்த்துச் சொல்வது அவர் வேலை. அதை அலங்கரித்து அறிக்கையாக்குவது என் வேலை. அவர் சட்டைப்பையில் பேனா இருக்காது, ஸ்பூன் இருக்கும். பாலவாக்கத்தில் ஒரு கிரகப்பிரவேசத்துக்கு அழைத்துப்போனேன். வீட்டுக்காரர் மாடுலர் கிச்சனைப் பெருமையாகக் காட்டிக்கொண்டிருந்தபோது, இவர் தோட்டத்தில் குந்திக் கிளறிவிட்டு, "மேல்மண்ணே இல்லையே, எங்க வித்தீங்க?" என்று கேட்டார். அந்த வீட்டுக்காரர் இன்றுவரை என்னோடு பேசுவதில்லை.

ஆபீஸ் ஃப்ரிட்ஜிலும் அவர் மண்தான். துப்புரவு வேலை செய்த ராணிம்மா ஒருநாள் பொட்டலத்தைத் தூக்கிக் காட்டினார்: "நைனா, கேவுரு மாவுன்னு நெனச்சு களி கிண்டியிருப்பேன். மேனேஜரு துன்னுட்டுப் போயிருப்பாரு."

அந்தச் சமயத்தில்தான் அந்தமான் பக்கம் ஒரு தீவு எங்கள் மேஜைக்கு வந்தது. பல வருடங்களுக்கு முன் பெரிய மரங்களை வெட்டி எடுத்த காடு. தேறிவிட்டது என்று நாங்கள் எழுதினால் மறுபடி வெட்டலாம். சாட்டிலைட் படத்தில் பச்சைப் பசேல். மேனேஜருக்குப் பரம சந்தோஷம்.

"பச்சையா இருந்தா காடா? என் மாமியார் வீட்டு பாத்ரூம் சுவரும்தான் பச்சையா இருக்கு" என்றார் மண்ணாங்கட்டி.

தீவிலிருந்து கப்பலில் மண் கொண்டுவந்தார். மொட்டை மாடியில் இருபது தட்டுகளில் பரப்பினார். "தண்ணி ஊத்தினா உள்ள என்ன மிச்சம் இருக்குன்னு தெரியும். பெரிய மரத்தோட கன்னு வருதா, வெறும் களையும் கொடியும் வருதான்னு பாப்போம்." பிறகு மீதி அளவெடுக்க மறுபடி தீவுக்குக் கிளம்பினார். "தெனம் காலைல ஒரு வாளி. மறந்துடாத."

"நானா சார் மறப்பேன்?" என்றேன். மறந்தேன்.

பத்தாம் நாள் ராணிம்மா வந்து நின்றார். "இன்னா சார், மாடில உன் காடு கருவாடா காஞ்சிகினு கீது!"

ஓடினேன். சித்திரை வெயிலில் முளைவிட்டதெல்லாம் கருகி, இருபது தட்டிலும் வெறும் புழுதி. நெஞ்சு வலித்தது. கையை வைத்துப் பார்த்தேன், வலது பக்கம். மாரடைப்பு கூட எனக்குச் சரியாக வரவில்லை. ஆட்டோ பிடித்து ஒரு நர்சரிக்குப் போய் எட்டு மூட்டை மண் வாங்கிவந்து, பழையதைக் கொட்டிவிட்டு நிரப்பினேன். மூன்று மாடி ஏற்றும்போதுதான் தெரிந்தது, நம்பிக்கைத் துரோகம் இவ்வளவு கனம் என்று.

ஒரு மாதம் கழித்து அவர் திரும்பியபோது தட்டுகள் தளதளவென்று இருந்தன. "பாருங்க, என்னமா முளைச்சிருக்கு!" என்றார் மேனேஜர். மண்ணாங்கட்டி குனிந்து ஓர் இலையைக் கிள்ளி முகர்ந்தார். தக்காளி. பக்கத்தில் முளைக்கீரை. என்னைப் பார்த்தார். காதருகே வந்தார்.

"எந்த நர்சரி?"

"திருவான்மியூர் சார்."

"ம். உரம் நல்லாப் போட்டிருக்கான்."

பிறகு மேனேஜரிடம், "இது செல்லாது. காட்டு மண்ணு காஞ்சு போய், வேற மண்ணு வந்துடுச்சு. தப்பு என்னுது. திரும்ப எடுத்துட்டு வரேன், ஆறு மாசம் குடுங்க" என்றார்.

"ஆறு நாள்கூட கெடையாது சார். சாட்டிலைட் படம் இருக்கே, போதும்."

மாடிப்படியில் கேட்டேன், "என் பேரை ஏன் சார் சொல்லல?"

"சொன்னா மண்ணுக்கு உயிர் வந்துடுமா? உன் வேலைதான் போகும்." என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஒண்ணே ஒண்ணு. பச்சையா இருக்குன்னு எழுது. தேறிடுச்சுன்னு மட்டும் எழுதிடாத."

மறுநாள் மேனேஜர் என் நாற்காலிக்குப் பின்னால் நின்றார். "தேறிடுச்சுன்னு போடுங்க." சாவு வீட்டிலும் ஜோக் அடிக்கிற எனக்கு அன்று ஒன்றுகூட வரவில்லை. போட்டேன். எழுத்துப்பிழை இருக்கிறதா என்று வேறு சரிபார்த்தேன். மண்ணாங்கட்டி கையெழுத்துப் போடாமல் வேலையை விட்டுப் போனார். தீவில் மறுபடி மரம் வெட்டினார்கள்.

இரண்டு வருடம் கழித்து, மாம்பலம் ஸ்டேஷன் மேம்பாலத்தில் எதிரே வந்தார். சட்டென்று ஒரு தூணுக்குப் பின்னால் போனேன்.

"ஏய், ஒளியாத. தொப்பை தெரியுது."

வெளியே வந்தேன். சொந்தச் செலவில் அதே தீவுக்குப் போகிறாராம். வெட்டின பிறகு என்ன முளைக்கிறது என்று முதலிலிருந்து எண்ணப்போகிறாராம். "நீயும் வாயேன். எழுத ஆள் வேணும். தண்ணி ஊத்த வேற ஆள் பாத்துக்கறேன்."

பயந்துகொண்டு நான் போகவில்லை. ஆனால், நான் எப்பேர்ப்பட்ட ஆள் என்று முழுசாகத் தெரிந்த பிறகும் என்னைக் கூப்பிட்ட ஒரே மனிதர் அவர்தான்.