காசுக் கண்காட்சிக் காரியதரிசி

காசைச் செலவழிக்கிறவர்களை உங்களுக்குத் தெரியும். காசைப் பூட்டி வைக்கிறவர்களையும் தெரியும். இந்த இரண்டிலும் சேராத ஜந்து ஒன்று உண்டு. அது காசைப் பார்க்கும். மளிகைக் கடையில் மீதிச் சில்லறை கொடுத்தால் சரியாக இருக்கிறதா என்று எண்ணாது, ஒவ்வொன்றாகத் திருப்பி வருஷம் பார்த்து, வெளிச்சத்தில் சாய்த்து ராஜாவின் மூக்கைப் பார்த்து, பின்னால் எண்ணெய்ப் புட்டியோடு நிற்கிறவர் முழங்கையால் இடித்த பிறகும் நகராமல், "இதே வருஷத்தில் கொஞ்சம் தேயாததாக ஒன்று இருக்குமா?" என்று கடைக்காரரைக் கேட்கும். கல்யாண வீட்டில் மொய் எழுதுகிறவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து, தட்டில் விழுந்த ஒற்றை ரூபாய்களைக் கிளறிப் பார்த்து, பெண் வீட்டார் முறைத்த பிறகுதான் பந்திக்கு எழுந்து போகும். இது தனியாக இருக்கும்வரை பெண்டாட்டிக்கு மட்டும்தான் தொல்லை. நாலு சேர்ந்தால் சங்கம் வைக்கும். சங்கம் வைத்தால் கண்காட்சி நடத்தும். கண்காட்சி என்றால் காரியதரிசி ஒருவன் வேண்டாமா?

அந்தக் காரியதரிசியை உங்களுக்குக் காட்டத்தான் உட்கார்ந்திருக்கிறேன். ஆளைத் தேடிப் பாண்டிச்சேரித் தெருக்களில் அலைய வேண்டியதில்லை. நானேதான். பெயர் தணிகாசலம். நொத்தேர் ஆபீசில் பத்திரம் எழுதுகிற குமாஸ்தா.

எங்கள் சங்கத்தில் அங்கத்தினர் நாலு பேர், பதவிகள் ஐந்து. தலைவர் அரிகிருஷ்ணன், மிட்டாய்க் கடை வைத்திருக்கிறார். போஷகர் தெய்வசிகாமணி, பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டுப் பென்ஷன் வாங்குகிறவர். நாலாவது அங்கத்தினர் சைகோனுக்குப் போய் மூன்று வருஷம் ஆகிறது. வர இயலாமைக்கு அவர் வருந்துவதாக ஒவ்வொரு கூட்டத்திலும் குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொள்கிறோம். அவருக்கு இது தெரியுமோ என்னமோ! மிச்சம் மூன்று பதவிகளும் என்னுடையவை.

நயா பைசா வந்து இன்னும் ஒரு வருஷம் நிறையவில்லை. ஊரே அணாவுக்கு எத்தனை பைசா என்று விரல் மடக்கிக்கொண்டிருந்த அந்த மாசி மாசத்தில், மாசி மகத்துக்கு முன்னால் ஒரு சனி ஞாயிறில் கண்காட்சி வைப்பது என்று முடிவாயிற்று. ஒரு வாசகசாலைக் கூடம் இலவசமாகக் கிடைத்தது. கண்ணாடிப் பெட்டிகளுக்கு எங்கே போவது? தலைவர் தம் கடைப் பெட்டிகளையே கொடுத்தார். பெருந்தன்மைதான், மறுக்கவில்லை. ஆனால் பத்து வருஷம் ஜிலேபி இருந்த பெட்டியில் சோழர் காசை வைத்தால் என்ன ஆகும்? எறும்புக்குச் சோழர் தெரியுமா, பல்லவர் தெரியுமா? பெயர்ச்சீட்டு எழுதுவதில் அடுத்த சண்டை. பிரெஞ்சுதான் முதலில் என்று போஷகர் மீசையை முறுக்கினார், இங்கிலீஷ் என்றார் தலைவர், தமிழ் என்றேன் நான். கடைசியில் ஒவ்வொரு காசுக்கும் மூன்று சீட்டு வைத்தோம். சீட்டுகளுக்கு நடுவே காசைத் தேட வேண்டியிருந்தது.

இதெல்லாம் சமாளிக்கக் கூடியவை. காரியதரிசியின் நிஜமான வயிற்றெரிச்சல் வேறு. எந்தக் கண்காட்சிக்கும் "அது எங்கே இருக்கு?" என்று ஜனங்கள் கேட்டுக்கொண்டு வருகிற மாதிரி ஒரு காசு வேண்டும். எங்களிடம் அப்படி ஒன்று இல்லை. பிரெஞ்சுக்காரன் பழைய காலத்தில் இந்த ஊருக்கென்று அடித்த வெள்ளிப் பணம் ஒன்றுக்காக நான் பதினைந்து வருஷமாக ஏங்கிக் கிடந்தேன். சுண்டுவிரல் நகத்தளவு இருக்கும். ஒரு பக்கம் கிரீடம், மறு பக்கம் பூக்கள்.

எங்கள் வீட்டுக்கு மீன் கொண்டு வருகிறவள் வைத்திக்குப்பம் வீராயி. கண்காட்சிக்கு நாலு நாள் முன்னால் கூடையை இறக்கி வைத்துவிட்டுச் சில்லறைக்காக மடியை அவிழ்த்தாள். உள்ளே மஞ்சள் துணி முடிச்சு ஒன்று தெரிந்தது. காசு முடிச்சு என்றால் என் கண் அங்கேயே போய் நிற்கும்.

"அது என்ன வீராயி?"

"வேண்டுதல் முடிச்சி ஐயா. எம் மவ சின்னப்பாப்பாக்கு இது மாசம். மொதோ ரெண்டும் தங்கல. இதாவது நல்லபடியா பொறக்கணும்னு அம்மனுக்கு முடிஞ்சி வெச்சிருக்கறன். பொறந்தப்பறம் உண்டியல்ல போடணும்."

"உள்ளே என்ன காசு?"

"எங்க மாமியா குடுத்தது. சின்னதா வெள்ளிக் காசு. ஒரு பக்கம் தொப்பியாட்டம் இருக்கும், ஒரு பக்கம் பூ பூவா இருக்கும்."

அதே கிரீடம், அதே பூக்கள்! மனுஷனாக இருந்தால் அந்தப் பெண் எப்படி இருக்கிறாள், வைத்தியரிடம் காட்டினீர்களா என்று கேட்டிருப்பான். நான் கேட்டது, "அது வட்டமா, கொஞ்சம் கோணலா?" என்று.

மூன்று நாள் கெஞ்சினேன். கண்ணாடிப் பெட்டியில் பூட்டி வைப்பேன், சாவி என் பூணூல்போல என்னை விட்டுப் போகாது என்று, பூணூல் போடாத நான் சத்தியம் செய்தேன். நாலாம் நாள் அவள் இறங்கி வந்தாள்.

"நாலு பேரு பாத்து, நல்லபடியா பொறக்கட்டும்னு சொன்னா நல்லதுதான். ஆனா ஒண்ணு. முடிச்சி முடிச்சாவே இருக்கணும் ஐயா. பொறக்கறதுக்கு முன்ன அவுத்தா ஆவாது."

"ஐயோ, அவிழ்ப்பேனா?" என்றேன். அந்த நேரத்தில் நிஜமாகத்தான் சொன்னேன். இந்த ஜந்து பொய் சொல்லாது. சொன்னது பிறகு பொய்யாகிவிடும், அவ்வளவுதான்.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கே வாசகசாலைக்கு முன்னால் கூட்டம். இருநூறு பேர் இருக்கும். போஷகர் நாடாவை வெட்டி, தாம் கப்பல் ஏறிய கதையை முக்கால் மணி நேரம் சொல்லி, "வொலா!" என்று பிரெஞ்சில் முடித்தார். ஜனங்கள் அசையாமல் நின்றார்கள். கதவைத் திறந்ததும் முதலில் நுழைந்த பெரியவர் ஒரு சுருக்குப்பையை என் மேஜைமேல் கவிழ்த்தார். அத்தனையும் அணா.

"நயா பைசாவா குடுங்க. எண்ணிக் குடுங்க."

"இது கண்காட்சிங்க. பார்க்கத்தான்."

"எங்கிட்ட இருக்கறத நான் எதுக்குங்க இங்க வந்து பாக்கணும்?"

வாசலில் நான் என் கையாலேயே எழுதித் தொங்கவிட்டிருந்த பலகை என்ன சொல்லியது தெரியுமா? 'பழைய காசு வைத்திருப்போர் அனைவரும் வருக.' வந்தார்கள். கண்காட்சி என்று தெரிந்ததும் என் வம்சத்தையே நாலு வார்த்தை வாழ்த்திவிட்டுப் போனார்கள். பத்து மணிக்குக் கூடத்தில் மிஞ்சியது நாங்கள் மூன்று பேரும் எறும்புகளும்.

ஆனால் வீராயியின் மஞ்சள் முடிச்சை மட்டும் ஜனங்கள் விடவில்லை. மீன்காரப் பெண்கள் நாலைந்து பேர் வந்து பார்த்தார்கள். அவர்கள் போய்ச் சொல்லிப் பத்துப் பேர் வந்தார்கள். சோழரையும் பல்லவரையும் தாண்டி நேரே முடிச்சிடம் போய்க் கன்னத்தில் போட்டுக்கொண்டு, "நல்லபடியா பெத்துப் பொழைக்கட்டும் தாயே" என்றார்கள். ஒருத்தி கண்ணாடிமேல் கற்பூரம் ஏற்றப் பார்த்தாள். தலைவர் ஓடிப் போய்த் தடுத்தார்.

சாயங்காலம் தலைவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, மெதுவாக ஆரம்பித்தார்.

"இன்னா தணிகாசலம், சீட்டுல 'அரிய வெள்ளிப் பணம்'னு எழுதிட்ட. நீ பாத்தியா?"

"வீராயி சொன்னாள்."

"மீன்காரம்மா சொன்னத வெச்சி மூணு பாஷையில எழுதிட்டியா? உள்ள சோடா புட்டி மூடி இருந்தா? நாளைக்கி மெட்ராசுல இருந்து யாரனா தெரிஞ்சவங்க வந்து கேட்டா நான்தான தலைவரு?"

மெட்ராசிலிருந்து யாரும் வரப் போவதில்லை என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனால் அவர் கேட்டது என் மனசு ஏற்கெனவே கேட்டுக்கொண்டிருந்ததைத்தான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில் கதவைச் சாத்தினேன். பெட்டியைத் திறந்தேன். இரண்டு நிமிஷம். யாருக்குத் தெரியப் போகிறது? அவிழ்த்தேன். பார்த்தேன். பூதக்கண்ணாடி வைத்தும் பார்த்தேன். திரும்ப முடிந்து, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, பக்கத்து இலைக்குக் கை நீட்டிய சாமியார்போல முகத்தை வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தேன்.

பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. வாசலில் வீராயி. மூச்சு வாங்கிக்கொண்டு நின்றாள். முதலில் எங்கள் வீட்டுக்குப் போயிருக்கிறாள். வழி காட்ட என் மனைவி கமலவேணியும் கூடவே வந்திருந்தாள்.

"சின்னப்பாப்பாக்கு வலி எடுத்துடுச்சி ஐயா. முடிச்ச குடுங்க, தலமாட்டுல வெக்கணும்."

எடுத்துக் கொடுத்தேன். வாங்கியவள் கண்ணில் ஒற்றிக்கொள்ளக் கொண்டு போன கை பாதியில் நின்றது. முடிச்சை விரலால் தடவினாள்.

"இது எம் முடிச்சி இல்ல."

"என்ன வீராயி, அதேதான். வேறே யார் தொடப் போகிறார்கள்?"

"வலைல முடிச்சி போட்டே வளந்தவ நான். எம் முடிச்சி எனக்குத் தெரியாதா? இது கட்டு கட்டற முடிச்சி."

ஆமாம். இருபது வருஷமாகப் பத்திரக் கட்டுக்குப் போடுகிற அதே முடிச்சைத்தான் என் கை போட்டிருந்தது. கமலவேணி என்னைப் பார்த்தாள்.

"அவிழ்த்தேன்" என்றேன். "ஒரு தடவை. பார்க்கத்தான்."

"பாக்கத்தானா?" வீராயி கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. "எம் மவ அங்க பல்லக் கடிச்சிக்கினு கெடக்கறா. நீ அவ உசுர அவுத்துப் பாத்துட்டியேய்யா!"

நீங்க என்பது நீ ஆகிவிட்டது. ஆகத்தான் வேண்டும். என் வாழ்க்கையில் அவ்வளவு வெட்கப்பட்டதில்லை.

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அழ நேரமில்லை அவளுக்கு. "அவுத்த கையேதான் திருப்பி முடியணும். எங் காசு இனிமே ஆவாது. உங் காச வெச்சி முடி. உனக்கு எது பெருசோ அத வெச்சி, எம் மவளுக்காக வேண்டிக்கினு முடி. சீக்கிரம்."

இந்த இடத்தில்தான் ஜந்துவின் லட்சணத்தை நீங்கள் கவனிக்க வேண்டும். ஒரு பெண் அங்கே பிள்ளை வலியில் துடிக்கிறாள். அவள் தாய் மஞ்சள் துணியை நீட்டிக்கொண்டு என் எதிரே நிற்கிறாள். அந்த நேரத்தில் என் கை எங்கே போயிற்று? விக்டோரியா ராணி கால் அணாவுக்குப் போயிற்று. அதே வருஷத்தில் என்னிடம் பதினொன்று இருக்கின்றன.

"ஏங்க" என்றாள் கமலவேணி. "அது ஒண்ணுத்துக்கும் ஆவாதுன்னு நீங்கதான சொன்னீங்க? அந்தக் கோடியில இருக்குதே, அத எடுங்க."

கோடியில் இருந்தது ஆர்க்காட்டு ரூபாய். பிரெஞ்சுக்காரர் இங்கே அடித்தது, பிறை முத்திரை போட்டது. என்னிடம் இருந்ததில் அதுதான் பெரிசு. பழுது பார்க்கிறேன் என்று கமலவேணியின் வெள்ளிக் கொலுசை எடுத்துப் போய், அதைக் கொடுத்து வாங்கியது.

"உன் கொலுசு..." என்று இழுத்தேன்.

"எங் கொலுசுன்னு இப்பதான் ஞாபகம் வந்துதா? எடுங்க. அங்க பொண்ணு தவிக்குது."

எடுத்தேன். வீராயி என் விரலைப் பிடித்து, எந்த முனை மேலே, எந்த முனை கீழே என்று சொல்லச் சொல்ல முடிந்தேன். அவள் தன் காசை மடியில் போட்டுக்கொண்டு, என் முடிச்சைக் கையில் இறுக்கிக்கொண்டு ஓடினாள். கமலவேணியும் கூடவே போனாள்.

பிறகு என்ன நடந்தது என்று எனக்கே சரியாகத் தெரியாது. கண்காட்சி நடந்ததாம். நிறைவு விழாவில் நன்றியுரை சொன்னேனாம். காலியாக இருந்த அந்தப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தேன். பயம். அவளுக்கு ஏதாவது ஆகிவிட்டால் அது என் கையால்தான் என்று வைத்திக்குப்பம் சொல்லும். நானும் சொல்வேன். படித்தவன், இதெல்லாம் நம்பாதவன் என்று வெளியே சொல்லிக்கொள்கிறவன், ஊரில் இருக்கிற சாமியெல்லாம் ஒன்று விடாமல் கூப்பிட்டேன். மாதா கோவில் பக்கமாகவும் ஒரு கும்பிடு போட்டு வைத்தேன்.

விளக்கு வைக்கிற நேரத்துக்குக் கமலவேணி வந்தாள். "பொழச்சிட்டாங்க. தாயும் புள்ளையும் சொகம்" என்றாள். நான் அழுதேன். மிட்டாய்ப் பெட்டிமேல் தலையைச் சாய்த்துக்கொண்டு, எறும்பு கடிப்பதுகூடத் தெரியாமல் அழுதேன்.

மாசி மகத்தன்று கடற்கரைக்கு எல்லா ஊர்ச் சாமிகளும் வந்திருந்த கூட்டத்தில் வீராயி எங்களைக் கூப்பிட்டுப் போனாள். கோபம் தீர்ந்துவிட்டது என்று சொல்ல முடியாது. வேண்டுதல் முறை அது. நான் முடிந்த முடிச்சை அம்மன் உண்டியலில் போட்டாள். கண்ணை மூடிக் கையெடுத்துக் கும்பிட்டேன். மனசு நிறைந்திருந்தது. திருந்திவிட்டேன் என்றே நினைத்தேன். கூட்டம் கலைந்ததும், உண்டியல் பக்கத்தில் நின்றவரிடம் என் வாய் தானாகக் கேட்டது:

"இதை எப்போ திறப்பீங்க?"

கமலவேணி தலையில் அடித்துக்கொண்டாள். நீங்களும் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், எனக்கு வேண்டியதுதான். ஆனால் ஒன்று கேட்கிறேன், மறைக்காமல் சொல்லுங்கள். வீராயியின் முடிச்சை நான் அவிழ்த்தேனே, உள்ளே இருந்தது வெள்ளிப் பணமா, சோடா புட்டி மூடியா என்று இந்த வரி வரைக்கும் காத்துக்கொண்டுதானே இருக்கிறீர்கள்? எப்போது சொல்வான் இவன் என்று பல்லைக் கடிக்கிறீர்கள். பிறந்தது என்ன பிள்ளை என்று ஒரு தடவையாவது கேட்கத் தோன்றியதா?

எங்கள் சங்கத்தில் ஐந்தாவது அங்கத்தினருக்கு இடம் இருக்கிறது. சந்தா வருஷத்துக்கு ஒரு ரூபாய். பெண் குழந்தை ஐயா, பெண் குழந்தை.