நட்டத்துக்கு உடைத்த தேங்காய்

பிள்ளையார் நான் கேட்டதைத் தரவில்லை என்று ஒருநாளும் குறை சொன்னதில்லை. ஒரேயொரு முறை, கேட்டதை அப்படியே அள்ளித் தந்துவிட்டார் என்று குறைப்பட்டிருக்கிறேன். அந்தக் கதைதான் இது. இதில் பிள்ளையாரின் பிழை ஒன்றும் இல்லை என்பதை முதலிலேயே எழுதி வைத்துவிடுகிறேன். (நாளைக்கும் நான் அந்த வாசலால்தான் போகவேண்டும்.)

சண்டை திரும்பவும் தொடங்கியிருந்த காலம். திருகோணமலையில், துறைமுகப் பக்கமாக, எனக்கு ஒரு சின்னக் கடை இருந்தது. தங்கூசி, தூண்டில், வலை பொத்துகிற நூல் என்று கடலுக்குப் போகிறவர்களுக்கு வேண்டிய சாமான்கள் விற்றேன். பிறகு கடலுக்குத் தடை வந்தது. நேவிக்காரர் ஒருநாள் பாஸ் கொடுத்து விடுவார்கள், நாலுநாள் விடமாட்டார்கள். கடையில் வந்து ஏறியவர்கள் எல்லோரும் "இண்டைக்குப் பாஸ் குடுக்கிறாங்களாமோ அண்ணை?" என்று கேட்க வந்தவர்களே தவிர, நூல் வாங்க வந்தவர்கள் இல்லை.

அடுப்பு எரிந்தது என் மனைவி பரமேஸ்வரியின் தம்பி சுதன் கனடாவிலிருந்து அனுப்பிய காசில். அது அவளைத் தின்றது.

"அவன்ர பெண்சாதி ஒண்டும் கதைக்கிறாள் இல்லை. ஒருக்கா ஏசினாளெண்டாலும் எனக்கு ஆறுதலாக் கிடக்கும். தம்பியின்ர காசில இனியும் அரிசி வாங்க ஏலாது, கேட்டியளோ?"

நான் கேட்டேன். பிள்ளையாரும் கேட்டிருக்கவேண்டும். அந்தக் கிழமையே சுதன் தொலைபேசி எடுத்தான்.

"அத்தான், ஒரு யாவாரம் இருக்கு. ஊரில இருந்தே செய்யலாம்."

அவன் விளங்கப்படுத்தியது இதுதான். வெளிநாட்டில் இருக்கிற எங்கள் சனம் ஊருக்குக் கதைக்க ரெலிபோன் காட் வாங்கும். அதை ஒரு கொம்பனி இன்ரநெற்றில் விற்கிறது. நாங்கள் அனுப்புகிற ஆள் அங்கே போய்க் காட் வாங்கினால் எங்களுக்குக் கொமிசன். ஆளை அனுப்புவதற்கு, தமிழ்ச்சனம் பார்க்கிற பிறத்தியாருடைய இணையத்தளங்களில் எங்கள் விளம்பரத்தைப் போடவேண்டும். விளம்பரத்தை ஒருவர் மவுசால் அமத்தினால், அதற்குப் பெயர் கிளிக். ஒவ்வொரு கிளிக்குக்கும் அந்தத் தளத்துக்காரருக்கு நாங்கள் காசு கட்டவேண்டும். அமத்தியவர் காட் வாங்கினாலும் சரி, கொட்டாவி விட்டுக்கொண்டு எழும்பிப் போனாலும் சரி.

"முதலுக்கு என்ர கிரெடிற் காட். வாற கொமிசன் உங்களுக்கு. ஆனா அத்தான், அளவாப் போடுங்கோ. வாங்கக்கூடிய ஆக்கள் மட்டும் அமத்தினாக் காணும்."

பொன்னான வசனம். அதை நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அரை வாழ்க்கை கடை நடத்தினவனுக்கு நேற்றுப் பிறந்த மச்சான் யாவாரம் படிப்பிக்கிறான் என்று சிரித்தேன். எட்டாம் வகுப்போடு நின்ற எனக்கு யாவாரத்தில் தெரிந்தது ஒரே சட்டம்: கடையில் ஆள் ஏறவேண்டும். ஏறினால் ஏதாவது வாங்காமல் இறங்காது. ஏறுகிற ஒவ்வொருவருக்கும் வாசலில் நான் காசு கொடுத்து உள்ளே விடுகிற கடை ஒன்று உலகத்தில் இருக்கும் என்று என் மண்டைக்கு எட்டவில்லை.

நகரத்தில் றெஜி என்ற பெடியன் ஒரு நெற் கபே வைத்திருந்தான். கரண்ட் இருக்கிற நேரங்களில் அது கபே. மற்ற நேரங்களில் வெறும் புழுக்கம். விளம்பரத்தை நானே எழுதினேன்.

"உறவுகளே! ஒருமுறை இங்கே அமத்திப் பாருங்கள்! பார்ப்பதற்குக் காசில்லை!"

றெஜி வாசித்துவிட்டுத் தலையைச் சொறிந்தான். "அண்ணை, இதில காட் எண்ட சொல்லே இல்லையே?"

"வாசலிலயே விலை சொன்னா ஆள் ஏறாது தம்பி."

(பார்ப்பதற்குக் காசில்லை என்றது பார்க்கிறவருக்கு உண்மைதான். கட்டுகிற காசு எல்லாம் சுதனுடையது.)

ஒரு நல்ல காரியம் தொடங்கும்போது கைராசிக்காரரைக் கொண்டு தொடங்குவது எங்கள் வழக்கம். பரமேஸ்வரியின் சின்னம்மா கைராசிக்காரி. அவ வந்து முதல் சாமான் வாங்கினால் அன்று என் கல்லாப்பெட்டி மூடாது. ஆகவே நாள் நட்சத்திரம் பார்த்து, சின்னம்மாவை ஓட்டோவில் ஏற்றி, சோதனைச்சாவடியில் இறக்கி, திரும்ப ஏற்றி, றெஜியின் கபேக்குக் கொண்டுபோனேன். நான் கற்பூரம் எடுக்க, றெஜி பதறிவிட்டான்.

"அண்ணை, கற்பூரம் மட்டும் வேண்டாம். மொனிற்றர் உருகிப்போம்!"

சந்தனப் பொட்டோடு சமாதானம் ஆனோம். சின்னம்மா மவுசைக் குங்குமச்சிமிழ் மாதிரி இரண்டு விரலால் பிடித்தா. "இதையோ தம்பி அமத்துறது?" என்று கேட்டு அமத்தினா. இன்ரநெற் ஆமை வேகம், ஒன்றும் நடக்கவில்லை. "அதுக்கு விளங்கேல்லைப் போல" என்று திரும்ப அமத்தினா. பிறகு பிடித்துப்போய் இன்னும் அமத்தினா. பக்கத்தில் நின்று, "அமத்துங்கோ சின்னம்மா, ராசியான கை, நல்லா அமத்துங்கோ" என்று உற்சாகப்படுத்தியது வேறு யாரும் இல்லை, நான்தான்.

அதோடு விட்டேனா? பாரிஸ், லண்டன், சுவிஸ், நோர்வே என்று சொந்தக்காரர் சிதறிக்கிடந்த இடமெல்லாம் "அமத்துங்கோ" என்று சொல்லி அனுப்பினேன். அன்று பின்னேரம் எங்கள் தெருப் பிள்ளையார் முன்னால் கண்ணை மூடி, மனம் உருகி நேர்த்தி வைத்தேன். "அப்பனே, கிளிக் மழையாகக் கொட்டவேண்டும். கொட்டினால் நூற்றெட்டுத் தேங்காய் உடைக்கிறேன்."

கொட்டியது. வீட்டுத் தொலைபேசி ஓயவில்லை.

"மச்சான், அமத்திப்போட்டன்! பிள்ளையளையும் அமத்தச் சொன்னனான்!" இது நோர்வேயிலிருந்து.

"காட் வாங்கினனீயோ?"

"எங்களிட்ட வேற காட் கிடக்கு. அதிலதானே இப்ப உன்னோட கதைக்கிறன்!"

பாரிஸில் என் பெரியம்மாவின் மகன் ஒருவன். அவன் பாசத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு நெஞ்சு அடைக்கும். "விடிய எழும்பிச் சாமியைக் கும்பிட்டிட்டு, உங்கட விளம்பரத்தை ஒருக்கா அமத்திப்போட்டுத்தான் அண்ணை வேலைக்குப் போறனான்!"

தளத்துக்காரர் ஒருவரிடமிருந்து நன்றிக் கடிதம் வந்ததாக றெஜி வாசித்துச் சொன்னான். என் விளம்பரத்தை இனிப் பக்கத்தின் நெற்றியிலேயே போடுவாராம். நான் அவனுக்கு ரீயும் றோல்ஸும் வாங்கிக் கொடுத்தேன்.

பிறகு சுதன் எடுத்தான். குரலில் ஈரமே இல்லை.

"அத்தான், என்ர கிரெடிற் காட் முடிஞ்சுது."

"சனத்தைப் பாத்தியோ மச்சான்! தேர்த்திருவிழா மாதிரி!"

"எல்லாம் எங்கட சனம் அத்தான்! உங்களுக்கு உதவி செய்யிறதா நினைச்சு அமத்துதுகள். ஒவ்வொரு அமத்தலுக்கும் நான் கட்டிக்கொண்டிருக்கிறன். என்ர மனிசிகூட நேற்று அமத்தினவள்!"

"காட்... ஒண்டும் விக்கேல்லையோ?"

"கொஞ்சம் வித்தது. எல்லாம் ஒரே பக்கத்தில இருந்து." அவன் குரல் தாழ்ந்தது. "ஒரு தளத்தில மரண அறிவித்தல் பக்கம் ஒண்டு இருக்கு. அதில செத்த செய்தி பாத்த சனம் உடன ஊருக்குக் கதைக்கத்தானே பாக்கும். மற்ற இடமெல்லாம் கழட்டிப்போட்டு, அங்க மட்டும் போட்டமெண்டா லாபம் வரும் அத்தான். போன காசையும் எடுத்துப்போடலாம்."

யாவாரமாகப் பார்த்தால் அவன் சொன்னது அத்தனையும் சரி. வாங்கக்கூடிய ஆள் நிற்கிற இடத்தில் கடையைப் போடு. வேறு இடத்தில் போடாதே. இந்தத் தொழிலின் சூத்திரமே அவ்வளவுதான். அந்தப் பக்கமோ நாளுக்கு நாள் நீண்டுகொண்டிருந்தது. அதற்கு எங்கள் நாட்டில் குறைவிருக்கவில்லை. திருநீறு பூசிய என் நெற்றிக்குள் கணக்கு ஓடத் தொடங்கியதை மறைப்பானேன்? ஓடத்தான் செய்தது.

பக்கத்தில் காதைத் தீட்டிக்கொண்டு நின்ற பரமேஸ்வரி றிசீவரைப் பறித்தாள்.

"டேய் தம்பி, செத்தவீட்டு வாசல் படலையில நிண்டு விக்கச் சொல்லுறியோ?"

"அக்கா, அது யாவாரம்."

"ஓமடா, யாவாரம்தான். சனம் சாகச்சாக எங்களுக்குக் கொமிசன். பிறகு நான் பிள்ளையாரிட்டப் போய் என்னத்தைக் கேக்கிறது? இண்டைக்கு யாவாரம் மந்தம், இன்னும் நாலு பேரைக் கொண்டுபோ எண்டோ?"

"சரி அக்கா, விடுங்கோ" என்றான்.

யாவாரம் அன்றோடு முடிந்தது. தம்பியின் காசில் இனி அரிசி வாங்க மாட்டேன் என்றவள், தம்பியின் கிரெடிற் காட்டுக்கும் கடன்காரி ஆனாள். என்னோடு மூன்று நாள் கதைக்கவில்லை. நாலாம் நாள் கடையில் பாதியை ஒதுக்கச் சொல்லி, இடியப்பம் அவித்து விற்கத் தொடங்கினாள். பாஸ் விசாரிக்க ஏறிய சனம் இடியப்பத்தோடு இறங்கியது. (ஏறினதுக்கு நாங்கள் காசு கொடுக்கவில்லை.) அந்தக் கடனை அடைத்தது அந்த இடியப்பம்தான்.

நான் பெருமையாகச் சொல்லி வைத்திருந்த நேர்த்தியை அவள் மறந்திருப்பாள் என்று நம்பியிருந்தேன்.

"இஞ்சருங்கோ, தேங்காய் எப்ப உடைக்கிறியள்?"

"நட்டம் வந்ததுக்கு ஆரப்பா தேங்காய் உடைக்கிறது?"

"நீங்கள் லாபம் கேட்டனீங்களோ?"

"...இல்லை."

"என்ன கேட்டனீங்கள்?"

"கிளிக்."

"தந்தாரோ இல்லையோ?"

தந்தார்தான். மழையாகவே தந்தார். ஓட்டோவில் தேங்காய்ச் சாக்குகளோடு போனபோது சாவடியில் மறித்து, எல்லாவற்றையும் கொட்டச் சொன்னார்கள். தமிழ் கொஞ்சம் தெரிந்த சிப்பாய் ஒருவர் ஒரு தேங்காயைக் காதடியில் குலுக்கிப் பார்த்துவிட்டு, "என்ன, கலியாணமா?" என்றார்.

"இல்லை சேர். யாவாரம். நட்டம்."

அவர் அதைச் சிங்களத்தில் மற்றவர்களுக்குச் சொன்னார். அந்தச் சாவடியில் சிரிப்புச் சத்தம் கேட்டது எனக்குத் தெரிய அன்றைக்குத்தான். என் பெயர்கூடக் கேட்காமல் விட்டார்கள்.

கோயிலில் படபடவென்று உடைக்கத் தொடங்க, தெருவில் வந்த இரண்டு பேர் சைக்கிளைப் போட்டுவிட்டு மதிலோரம் குப்புறப் படுத்துவிட்டார்கள். என்ன சத்தம் என்று தெரிந்து எழும்பிய பிறகு அவர்கள் எனக்குச் சொன்ன வார்த்தைகளைக் கோயில் வாசலில் வைத்துக் கேட்டதே பாவம். இங்கே எழுதவும் வேண்டுமா?

சொந்தத்துக்குள் இன்றைக்கும் யாராவது உதவி செய்கிறேன் என்று காரியத்தைக் கெடுத்தால் "அமத்திப்போட்டான்" என்பார்கள். பாரிஸ்காரன் வருசப்பிறப்புக்கு எடுத்தால் முதல் கேள்வி, "அண்ணை, அமத்தவோ?"

ஆனால் எனக்குக் கிடைத்த தண்டனை அதைவிடப் பெரிது. இந்த வயதிலும் பிள்ளையார் முன்னால் என்னால் தனியாகக் கண்ணை மூட முடியாது. கையைக் கூப்பினால் போதும், பக்கத்திலிருந்து முழங்கை ஒன்று விலாவில் இடிக்கும்.

"என்ன கேக்கப் போறியள்? முதல்ல எனக்குச் சொல்லிப்போட்டு, பிறகு அவரிட்டக் கேளுங்கோ."