நான் பட்டறைப் பக்கம் வரவே மாட்டேன்

ஃபெர்லாக்,
ஏப்ரல் 24, வியாழன்

பட்டறையும் பிடிவாதமும் ஒருசேர வாய்க்கப்பெற்ற என் அருமை மகள் ரோஸ்விதாவுக்கு, அப்பா வாலன்டின் ஓக்ரிஸ் ஆசி கூறி எழுதுவது.

இங்கே நானும் உன் அம்மா ஹெட்விக்கும் சுகம். நீ சுகமாக இருப்பதைச் சமையலறை ஜன்னல் வழியாகத் தினமும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். இருநூறு அடி தூரத்துக்குத் தபால் எதற்கு என்று நீ கேட்பாய். போன் செய்தால், "அப்பா, பட்டறை விஷயம்னா வெச்சுடுவேன்" என்கிறாய், சொன்னபடி வைத்தும் விடுகிறாய். கடிதத்தை அப்படிப் பாதியில் வைக்க முடியாது பார், அதனால் எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். ஜனவரி ஆறாம் தேதி நம் துப்பாக்கிப் பட்டறையின் சாவியை உன் கையில் கொடுத்து, ஒரு வருடத்துக்கு அந்த வாசலை மிதிக்க மாட்டேன் என்று கொடுத்த வாக்கு வாக்குதான். நீ ஏன் அதைக் கேட்டாய் என்று எனக்குத் தெரியாதா என்ன? கிராஸ் நகரிலிருந்து துப்பாக்கி செய்யச் சொல்லி வந்த அந்த மனிதர், நீ அவர் தோளை அளவெடுத்துக்கொண்டிருக்கும்போதே உன் தலைக்கு மேலாக என்னைப் பார்த்து, "பொண்ணு சொல்றது சரிதானா?" என்று கேட்டாரே, அன்றைக்கே புரிந்துவிட்டது. முப்பத்தெட்டு வயதில், முறையாகத் தேர்வெழுதித் தேறிய கைவினைஞரை 'பொண்ணு' என்கிறார்கள். என் நிழல் அங்கே விழுந்துகொண்டிருக்கும்வரை இந்த ஊர் உன்னை நம்பாது. ஆகவே நான் ஓய்வு பெற்றுவிட்டேன், பொழுதுபோக்குகளை அனுபவிக்கப் போகிறேன், இதில் மாற்றமே கிடையாது.

அனுபவித்த கதையைக் கேள். ஜனவரியில் ஏரி உறைந்ததும் ஐஸில் கட்டை சறுக்கி விளையாடும் சங்கத்தில் சேர்ந்தேன். என் கட்டையின் பிடி உள்ளங்கைக்குச் சற்றுப் பருமனாகப் பட்டது, அதனால் லேசாக, மிக லேசாக, அரத்தால் இரண்டு இழுப்பு இழுத்தேன், அவ்வளவுதான். பக்கத்து வீட்டு ஃபெர்டில் அதை வாங்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "அடடா, கை தானாப் போய் உக்காருதே! எனக்கும் ஒண்ணு பண்ணிக் குடுப்பா" என்றான். அண்டை வீட்டுக்காரனுக்கு எப்படி இல்லை என்பது? ஒரே வாரத்தில் பதினோரு பிடிகள் நம் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் வரிசையாகக் கிடந்தன. உன் அம்மா பாலாடைக் கொழுக்கட்டைக்குப் பிசைந்த மாவில் மரத்தூள் விழுந்துவிட்டது. "ஓய்வுன்னு சொன்னீங்களே, இதுக்கு நீங்க பட்டறையிலேயே இருந்திருக்கலாம். அங்கயாவது கதவு இருந்துச்சு" என்றாள். அவள் கொழுக்கட்டையை முகம் சுளிக்காமல் தின்றேன், சங்கத்திலிருந்து விலகினேன்.

அடுத்தது ஆண்கள் பாடகர் குழு. பாட்டில் அராவ என்ன இருக்கிறது என்று நிம்மதியாகத்தான் போனேன். ஆனால் ஐம்பது வருடம் மனிதர்களைத் தோளும் கழுத்துமாகவே பார்த்த கண், பாட்டுப் புத்தகத்தில் நிற்க மறுக்கிறது. நடத்துனரின் இடது தோள் இரண்டு விரல் தாழ்ந்திருக்கிறது, அதனால்தான் அவர் காட்டும் தாளம் சாய்கிறது என்பதை நல்லெண்ணத்தில் எடுத்துச் சொன்னேன். சொன்ன இடம் ஒரு சாவு வீடு, பாடிக்கொண்டிருந்தது இரங்கல் பாட்டு, அது என் தவறுதான், ஒப்புக்கொள்கிறேன். இப்போது ஒத்திகை நேரம் மாறினால் எனக்கு மட்டும் யாரும் தகவல் சொல்வதில்லை.

இனி ஏமாறக் கூடாது என்று முடிவெடுத்துத்தான் மீன்பிடிக்கு வந்தேன். கடையில் தூண்டில் வாங்கினேன். அதன் பிடி படுமோசம், செய்தவன் மனிதக் கையையே பார்த்திருக்க மாட்டான். ஆனாலும் தொடவில்லையே! அரம், உப்புத்தாள், சிறு கத்தி எல்லாவற்றையும் உன் அம்மாவிடம் கொடுத்துப் பூட்டச் சொல்லிவிட்டேன். மூன்று வாரமாக அந்தப் பிடியைப் பிடித்து உள்ளங்கையில் இரண்டு கொப்புளம். அவற்றைப் பார்க்கும்போது எனக்குப் பெருமையாக இருக்கிறது, சத்தியமாகச் சொல்கிறேன்.

இப்படி நான் திராவ் ஆற்றில் முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டிருந்த போன சனிக்கிழமைதான் ஓய்வுபெற்ற நீதிபதி ஸ்வெட்டினா, துப்பாக்கிப் பெட்டியைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு, ஷூவைக் கூடக் கழற்றாமல் தண்ணீருக்குள்ளேயே இறங்கி வந்துவிட்டார்.

"ஓய் வாலன்டின்! ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்ததுலேர்ந்து ஒன்பது கிலோ இளைச்சுட்டேன். துப்பாக்கிக் கட்டை தோள்ல நிக்க மாட்டேங்குது. ஜூன் ஒண்ணாந்தேதி மான் வேட்டை. ரெண்டு இழுப்பு இழுத்துக் குடுய்யா."

"ஐயா, நான் வேலைய விட்டுட்டேன். பட்டறையில ரோஸ்விதா இருக்கா, போங்க."

"பொண்ணுகிட்டயா? என்னய்யா பேசற? ஆறு வருஷம் முன்னாடி நீ செஞ்சு குடுத்த துப்பாக்கி இது. உன் கண்ணு பார்த்த பார்வை! கண்ணை மூடிக் காலித் துப்பாக்கியைத் தோள்ல வெச்சுக் கண்ணைத் திறக்கறேன், குழல் நேரா உன் முகத்தைப் பார்த்து நிக்குது. அதுக்கு முன்னாடி இருந்தது எதுவும் எனக்கு இப்படிப் பொருந்தினதில்லைய்யா."

ரோஸ்விதா, மீன் ஒன்று இழுத்துக்கொண்டிருந்தது, விட்டுவிட்டேன். என் வாழ்க்கையில் அத்தனை வெட்கம் எனக்கு வந்ததில்லை.

"ஐயா, ஆறு வருஷம் முன்னாடி என் ரெண்டு கண்ணுலயும் புரை. உங்க மூக்கு எங்க இருக்குன்னே எனக்குத் தெரியல. அவதான் என் முதுகுக்குப் பின்னாடி நாடாவைப் பிடிச்சிட்டு நின்னா. என் முதுகுல விரலால ஒரு குத்து குத்தினா கட்டை இடப்பக்கம் வளையணும், ரெண்டு குத்துன்னா வலப்பக்கம். அவ குத்தினதைத்தான் நான் உங்களுக்குச் சொன்னேன். கட்டையைச் செதுக்கினதும் அவதான்."

"அப்ப நீ என்னய்யா பண்ணிட்டிருந்தே?"

"மீசையைத் தடவிட்டிருந்தேன் ஐயா."

அவர் துப்பாக்கிப் பெட்டியைத் தலைக்கு மேலிருந்து தோளுக்கு இறக்கிக்கொண்டார். பிறகு, "இதுக்குப் பேரு மோசடி. நான் நாற்காலியில இருந்திருந்தா உள்ள போட்டிருப்பேன்" என்றார். தண்டனை எதுவானாலும் ஏற்கிறேன் என்றேன். "வர்ற திங்கக்கிழமை நான் அவகிட்ட போய் நிக்கறேன். ஆனா ஊர்க்காரங்ககிட்ட நீயே உன் வாயால சொல்லணும்" என்று தீர்ப்பு வழங்கிவிட்டு ஈர ஷூவோடு கரையேறினார்.

சொன்னேன், மகளே. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து எல்லோரும் சத்திரத்தில் பியர் குடிக்க உட்கார்ந்ததும் பெஞ்சின் மேல் ஏறி நின்று, கண் ஆபரேஷன் ஆகும்வரை என் பெயரில் வெளிவந்த பத்தொன்பது துப்பாக்கிகளும் என் மகள் அளவெடுத்துச் செய்தவை என்று முதலிலிருந்து கடைசிவரை சொல்லிவிட்டேன். சத்திரக்காரி தட்டைத் துடைத்தபடியே, "உங்க வேலை திடீர்னு நல்லா ஆச்சே, அப்பவே எனக்குச் சந்தேகம்" என்றாள். மொத்தக் கூட்டமும் சிரித்தது. நான் இறங்கும்போது முட்டி பெஞ்சில் இடித்துவிட்டது, அது வேறு கதை.

ஆகவே, மகளே, இனி உன்னைத் தாண்டி யாரும் என்னிடம் வர மாட்டார்கள், வந்தாலும் நான் கேட்கப்போவதில்லை. அந்தப் பத்தொன்பதும் பழுதுக்கு வரும்போது, குழல் மேல் இருக்கும் என் பெயரை அராவி எடுத்துவிட்டு உன் பெயரைப் பொறி. இதை நான் கெஞ்சிக் கேட்கவில்லை, ஆணையாகவே எழுதுகிறேன். என் கண்புரையை நீ ஊரிடம் மறைத்தது என் மானத்தைக் காப்பாற்றத்தான் என்று எனக்குத் தெரியும். அந்த மானத்தை ஆறு வருடம் உன் செலவில் வைத்திருந்தேனே என்று இப்போது நினைத்தாலும் நெஞ்சு வலிக்கிறது. வருடம் முடியும்வரை என் கால் உன் பட்டறை வாசலில் படாது. இது உறுதி.

நீ நீடூழி வாழ்க, உன் அரங்கள் மழுங்காதிருக்க. அம்மா முத்தம் அனுப்புகிறாள், கூடவே ஞாயிறு மதியம் சாப்பிட வரச் சொல்கிறாள்.

இப்படிக்கு,
முழுமையாக ஓய்வு பெற்ற உன் அப்பா,
வாலன்டின் ஓக்ரிஸ்

பி.கு.: இந்தக் கடிதத்தை உன் மேசையில் உட்கார்ந்து, உன் பென்சிலால்தான் எழுதினேன். நீ கிளாகன்ஃபுர்ட் போயிருக்கிறாய் என்று ஜன்னலில் பார்த்துவிட்டுத்தான் வந்தேன். எதையும் தொடவில்லை, மரத்தைக் கவ்வும் வைஸ் தளர்ந்திருந்தது, அதை மட்டும் இறுக்கினேன். வந்த காரணம் வேறு. உன் ஆர்டர் புத்தகத்தைத் திறந்து பார், கடைசிப் பெயர் என்னுடையது. ஐம்பது வருடம் அடுத்தவன் தோளுக்கே செய்துகொண்டிருந்தேன், எனக்கென்று ஒரு துப்பாக்கி கிடையாது என்பது உனக்குத் தெரியும். வேட்டைக்குப் போகலாம் என்று ஆசையாக இருக்கிறது. அப்பா வரக் கூடாது என்றுதானே பேச்சு, வாடிக்கையாளர் வரலாம் அல்லவா? எனக்கு முன்னால் பதினான்கு பேர் இருக்கிறார்கள். அப்பா என்பதற்காக ஒரு இடம் கூட முன்னால் ஏற்றிவிடாதே. என் முறை வரும்போது கூப்பிடு, கண்ணை மூடிக்கொண்டு வந்து நிற்கிறேன்.