ராகு காலத்தில் திறக்காத மண்டபம்

கேட்டுச் சொல்லும் யோசனையைவிடக் கேட்காமல் சொல்லும் யோசனைக்கு ருசி அதிகம். எனக்கு அந்த ருசி கொஞ்சம் பிடிக்கும். (“கொஞ்சமா?” என்று எங்கள் வீட்டில் கேட்பார்கள். கேட்டுவிட்டுப் போகட்டும்.)

என் மருமகள் செல்வி, பெரம்பலூரில் எங்கள் வீட்டு மாடியில் உட்கார்ந்தபடியே கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதுகிறவள். எழுதுகிறவள் என்பது பாதிதான் சரி. அவள் சொல்லச் சொல்ல ஒரு ஏஐ எழுதும். அதற்கு ‘ஸ்கில்’ என்று ஏதேதோ சேர்த்துக்கொண்டே இருப்பாள். இன்டர்நெட்டில் தேடுவாள், வரி வரியாகப் படிப்பாள், ஒன்றைச் சேர்ப்பாள், இரண்டைத் தூக்குவாள். அவளைப் பெண் பார்க்கப் போனபோதுகூட நான் இவ்வளவு விசாரிக்கவில்லை.

“அப்படி என்னடி அது?” என்று ஒருநாள் கேட்டேன்.

“இந்த வேலைய இப்படித்தான் செய்யணும்னு எழுதி வைக்கிற குறிப்பு அத்தை. தேவைப்படுறப்ப அதுவே எடுத்துப் படிச்சு அது மாதிரி செய்யும்.”

“யாரு எழுதுனது?”

“யார் யாரோ. ஊரு உலகத்துல இருக்கறவங்க.”

ஊர் உலகத்தில் இருக்கிறவர்கள் எல்லாம் சொல்லலாம், சொந்த மாமியார் சொல்லக் கூடாதா? மனசுக்குள் உறுத்தியது.

அப்போது அவள் கையில் இருந்தது அரியலூர்க் கல்யாண மண்டபம் ஒன்றின் வேலை. மண்டபத்தைப் பதிவு செய்வதற்கான புரோகிராம். அதுவரை யாருக்கோ கீழே செய்தவள், தன் பெயரில் பிடித்த முதல் வேலை அதுதான். முதலாளிக்குப் பிடித்துவிட்டால் மற்ற மண்டபங்களும் வரும். பிடிக்காவிட்டால் மறுபடியும் யாருக்கோ கீழேதான்.

தூறல் விழுந்ததென்று செல்வி துணி எடுக்கப் போயிருந்தாள். நான் அவள் நாற்காலியில் உட்கார்ந்தேன். எழுத்துக் கூட்டி பஸ் போர்டு படிக்கிற படிப்புதான் என்னுடையது. ஆனால் மைக் பொத்தான் எதுவென்று தெரியும். அழுத்தினேன்.

“நல்லா கேட்டுக்க. மண்டபம்னா லேசு இல்ல. ராகு காலத்துல எதையும் ஆரம்பிக்கக் கூடாது. வந்தவங்கள உக்கார வச்சு மோர் குடுக்கணும்.”

“இதை ஒரு ஸ்கில்லாகச் சேமிக்கட்டுமா? என்ன பெயர் வைக்கலாம்?” என்று அது குரலிலேயே கேட்டது.

“அத்தைன்னு வை.”

வைத்துக்கொண்டது. நான் சொன்னதை இந்த வீட்டில் மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்ட முதல் ஜீவன் அதுதான். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

மறுநாள் சாயங்காலம் செல்வி அதனிடம் கடைசியாகச் சில திருத்தங்கள் சொல்லிவிட்டு, புரோகிராமைத் திறந்து பார்த்தாள். அழகாகத் திறந்தது.

வெள்ளிக்கிழமை காலை பஸ் ஏறி அரியலூர் மண்டபத்து ஆபீசுக்குப் போனோம். (என்னை யாரும் கூப்பிடவில்லை.) நல்ல நேரம் பார்த்து ஒன்பதரைக்கு வரச் சொல்லியிருந்தோம். முதலாளி வந்து சேர்ந்தபோது பத்தரை தாண்டிவிட்டது. வந்தவர் கறுப்புச் சட்டை போட்டிருந்தார்.

செல்வி கம்ப்யூட்டரைத் திறந்து அவர் பக்கம் திருப்பினாள். அவர் சத்தமாகப் படித்தார்.

“ராகு காலம் நடக்கிறது. அமருங்கள். மோர் அருந்துங்கள்.”

செல்வி பதறிப்போய் எதையோ அழுத்தினாள். அது மறுபடியும் மோர் அருந்தச் சொன்னது.

“ஏம்மா, என் கல்யாணமே ராகு காலத்துலதான் நடந்துச்சு. என் பொண்ணுங்களுக்கும் அப்படித்தான் பண்ணி வச்சேன். நல்லாத்தான் இருக்காங்க. எனக்கே மோரா?” எழுந்துவிட்டார். “தப்பா நெனக்காத பாப்பா. வேற ஆளப் பாத்துக்கறேன்.”

“ஒரு நிமிஷம் சார்.” செல்வி கம்ப்யூட்டரைத் தன் பக்கம் திருப்பினாள். ஏஐயிடம் கேட்டாள்: “எதப் பாத்து இப்படி செஞ்ச?”

அதற்கு நெளிவு சுளிவு எதுவும் தெரியாது. ஆபீஸ் முழுக்கக் கேட்கும்படி பதில் சொன்னது: “‘அத்தை’ என்ற ஸ்கில்லைப் பின்பற்றினேன்.”

டீ குடித்துக்கொண்டிருந்த மேனேஜருக்குப் புரையேறியது. செல்வி மெதுவாக என் பக்கம் திரும்பினாள். நான் மின்விசிறியைப் பார்த்தேன். நல்ல மின்விசிறி, சத்தமே இல்லை.

அவள் அந்த ஸ்கில்லை அணைத்து, அதைப் பார்த்துச் செய்ததையெல்லாம் எடுத்துவிடும்படி ஏஐயிடம் சொன்னாள். கொஞ்ச நேரத்தில் மண்டபம் திறந்தது. முதலாளி நின்றபடியே தன் கல்யாண நாளை அதில் பதிவு செய்து பார்த்தார், அதுவும் ராகு காலத்தில். ஏற்றுக்கொண்டது. உட்கார்ந்தார். பேனாவை எடுத்தவர், என்னைப் பார்த்தார்.

“என்னம்மா, வேலையக் குடுத்துடலாம்னு இருக்கேன். இப்பவே கையெழுத்துப் போடவா, இல்ல பன்னெண்டு மணி ஆவட்டுமா?”

ராகு காலத்தில் நான் கடையில் உப்புகூட வாங்கியதில்லை. பன்னிரண்டு என்று சொல்ல வாய் திறந்தது. செல்வி என்னைப் பார்க்கவில்லை. அந்தப் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இப்பவே போடுங்க ஐயா,” என்றேன். “மோர் அப்பறம் குடிச்சுக்கலாம்.”

அவர் சிரித்த சிரிப்பில் கையெழுத்து கோணலாகத்தான் விழுந்தது. இன்று செந்துறை மண்டபம்வரை செல்வியின் புரோகிராம்தான். எந்த வேலையைத் தொடங்கினாலும், எந்தெந்த ஸ்கில் ஓடுகிறது என்று முதலில் பார்க்கிறாள். ‘அத்தை’யை அவள் அழிக்கவில்லை. அணைத்து வைத்திருக்கிறாள்.

சாப்பிடும்போது நான் ஏதாவது யோசனையை ஆரம்பித்தால் போதும், என் மகன் கேட்பான்: “செல்வி, அந்த அத்தைய அணைச்சியே, இந்த அத்தைக்கு எங்க இருக்கு சுவிட்ச்சு?”

“கம்பெனிலயே வைக்கலயாம்,” என்பாள் அவள்.

இருவரும் சிரித்து முடிக்கும்வரை காத்திருப்பேன். பிறகு விட்ட இடத்திலிருந்து தொடர்வேன்.