டாக்டர் ஓட்டின வண்டி

தையல்காரர் காரை நிறுத்திவிட்டு இறங்கினார். அவருக்குப் பின்னால் அவர் மனைவி, கியரைத் தாண்டி, ஸ்டியரிங்கில் இடித்துக்கொண்டு, அதே கதவு வழியாக இறங்கினாள். அவள் பக்கத்துக் கதவு திறப்பதை நிறுத்தி மூன்று வாரமாகிறது.

“இனிமே இதுல ஏறினா என்னன்னு கேளுங்க.”

“அதுக்குத்தானே வேற வண்டி பார்க்கிறேன்.”

“நீங்க பார்க்கிற லட்சணம் தெரியாதா? வாத்தியார் ஓட்டின வண்டின்னு சொல்லித்தான் இதையும் வாங்கிட்டு வந்தீங்க.”

வாத்தியார்தான். கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கிற வாத்தியார். ஊரில் பாதிப் பேர் கிளச் எது பிரேக் எது என்று மிதித்துப் பழகிய வண்டி அது. ஆறு வருடமாக இதைச் சொல்லிக்காட்டுவதில் அவளுக்கு அலுப்பே வரவில்லை. இன்னொரு முறை ஏமாந்தால் வீட்டில் தலை நிமிர முடியாது என்று தையல்காரருக்குத் தெரியும்.

புரோக்கரின் கொட்டகையில் ஒரு கருஞ்சிவப்புக் கார் நின்றது. பார்த்ததும் அவருக்கு மனசு பறிபோனது. மனைவி மட்டும் பின்கதவைத் திறந்து, உள்ளே ஒரு கம்பு கொடுத்தால் கடையில் தைத்த கோட்டுகள் எட்டைக் கசங்காமல் தொங்கவிடலாமா என்று முழம் போட்டு அளந்தாள். தொங்கவிடலாம்.

“ஒரே கை, சார். டாக்டர் ஓட்டின வண்டி. வீட்டை விட்டா கிளினிக், கிளினிக்கை விட்டா வீடு” என்றார் புரோக்கர்.

கடன் கொடுக்கிற கம்பெனிக்காரரோ, ஏழு வருட வண்டிக்கு முக்கால் பங்குதான் தருவோம் என்று கையை விரித்தார். மீதிக் கால் பங்குக்குப் பழைய காரை விற்கலாமென்றால், பார்க்க வந்தவர்கள் அந்தக் கதவை இழுத்துப் பார்த்துவிட்டு அப்படியே நடையைக் கட்டினார்கள்.

கடைசியில் புரோக்கரே கை கொடுத்தார். “நானே எடுத்துக்கிறேன், சார். நல்ல விலையே போடறேன். விக்கிற நேரத்துல நீங்க ஒரு சின்ன ஒத்தாசை பண்ணணும், அவ்வளவுதான்.”

“தாராளமா” என்றார் தையல்காரர். கதவை ரிப்பேர் செய்து தரச் சொல்வார் போல என்று நினைத்துக்கொண்டார்.

எல்லாம் கூடி வந்த நேரத்தில் மனைவி குறுக்கே விழுந்தாள். “அந்த டாக்டரை நான் பார்க்கணும்.”

புரோக்கர் முகம் கோணவில்லை. சாவிகளைக் கவனித்துக்கொள்ளும் பெண்ணைக் கூப்பிட்டுக் காதில் ஏதோ சொன்னார். அரை மணி நேரத்தில் டாக்டர் வந்துவிட்டார். ஒல்லியான மனிதர், வெள்ளைக் கோட்டு, அளந்து அளந்து பேச்சு. வண்டியைத் தடவி, “பிரியவே மனசில்லை” என்றார். மனைவி தன் முழங்கால் வலியைச் சொன்னாள். யோசித்து, வெந்நீர் ஒத்தடம் என்று ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தார். எழுத்து முத்து முத்தாக இருந்தது.

“இவ்வளவு அழகா எழுதற டாக்டரை இப்பதாங்க பார்க்கிறேன்” என்று அவள் பூரித்துப்போனாள்.

தையல்காரரின் கண் வேறு இடத்தில் இருந்தது. கோட்டின் தோள் இரண்டு அங்குலம் தொங்கியது. கைகள் விரல் நுனிவரை வந்தன. முப்பது வருடம் கத்தரி பிடித்தவரால் அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

“யார் தைச்ச கோட்டு, டாக்டர் இது? கழட்டிக் கொடுங்க. நான் பிடிச்சுத் தரேன். காசெல்லாம் வேண்டாம்.”

டாக்டர் புரோக்கரைப் பார்த்தார். புரோக்கர் கூரையைப் பார்த்தார். தையல்காரர் அதற்குள் கழுத்திலிருந்த டேப்பை எடுத்து அளவெடுத்து முடித்திருந்தார்.

கருஞ்சிவப்புக் கார் வீட்டுக்கு வந்தது. மறுநாளே கோட்டை டாக்டரின் உடம்புக்கு ஒட்டினாற்போல் தைத்து, புதுக் காரிலேயே போய்ப் புரோக்கரிடம் கொடுத்துவிட்டு வந்தார். எட்டுக் கோட்டுகள் பின்னால் ஆடாமல் அசையாமல் வந்தன. மனைவி தன் கதவைத் தானே திறந்து மகாராணியாக இறங்கினாள்.

“பரவாயில்லைங்க. உங்களுக்கும் ஆள் பார்த்து வாங்கத் தெரிஞ்சிடுச்சு.”

ஆறு வருடத்தில் முதல் பாராட்டு. தையல்காரருக்கு வயிறு நிறைந்துவிட்டது.

பத்தாம் நாள், மனைவி பொத்தான் தைத்துக்கொண்டிருக்க, சாவிக்காரப் பெண் கடைக்கு வந்தாள். அவள் கையில் அதே வெள்ளைக் கோட்டு.

“ஏம்மா, டாக்டருக்குச் சரியா இல்லையா?”

“அவருக்கு மட்டும்தான் சார் சரியா இருக்கு, அதான் பிரச்சினை. அண்ணன் இதை உங்க தொப்பை அளவுக்குப் பிரிச்சு விட்டுக்கச் சொன்னார். உங்க பழைய வண்டியைப் பார்க்க நாளைக்கு ஆள் வருது, டாக்டர்.”