செத்த பேட்டரியும் சீர்வரிசைத் தட்டும்

விழுப்புரத்தில் இன்வெர்ட்டர் பேட்டரி விற்கிற ஒருவன், சொந்தக் காரின் பேட்டரி செத்துப்போய் ஹைவேஸில் நின்றான் என்று சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். தாராளமாகச் சிரியுங்கள். என் மனைவி கலா சில வருடங்களாகச் சிரித்துக்கொண்டிருக்கிறாள், இன்னும் அவளுக்கு அலுக்கவில்லை.

அந்த அறிவாளி நான்தான். சென்னையில் ஒரு பல் டாக்டர் ஓட்டித் தேய்த்துவிட்டு விற்ற பழைய ஹைப்ரிட் கார் ஒன்று அப்போது என் தலையில் வந்து விடிந்திருந்தது. பெட்ரோலும் குடிக்கும், கரண்டிலும் ஓடும். சிக்னலில் நின்றால் எஞ்சின் சத்தமே இருக்காது. அந்த அதிசயத்தை ஊருக்குக் காட்டுவதற்காகவே வேலைவெட்டி இல்லாமல் பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஓட்டிப் போவேன். (ஒருத்தரும் திரும்பிப் பார்க்கவில்லை. சத்தம் வந்தால்தானே திரும்புவார்கள்.)

இந்த மாதிரிக் காரில் இரண்டு பேட்டரி உண்டு. பின்சீட்டுப் பக்கம் வண்டியையே இழுக்கிற பெரிய பேட்டரி. டிக்கியின் மூலையில், ஒரு மூடிக்கு அடியில், சின்ன பேட்டரி. கதவுப் பூட்டு, விளக்கு, ஹாரன், உள்ளே இருக்கிற கம்ப்யூட்டர் எல்லாம் சின்னதை நம்பித்தான் பிழைக்கின்றன. சின்னது தட்டி எழுப்பினால்தான் பெரியது கண்ணைத் திறக்கும். இதை யாருமே எனக்குச் சொல்லவில்லை என்று புளுக மாட்டேன். சொன்னவர்களையெல்லாம் கடையில் உட்காரவைத்து, டீ வாங்கிக் கொடுத்து, "அவ்ளோ பெரிய பேட்டரி உள்ள குந்தியிருக்கு, இந்த சோப்பு டப்பா இன்னாத்துக்குங்க?" என்று நான் அவர்களுக்குப் பாடம் எடுத்து அனுப்பினேன்.

கார் என்னமோ முடிந்தவரை கெஞ்சிப் பார்த்தது. காலையில் கடிகாரம் தானாக ஒரு மணிக்குப் போய் நிற்கும். வெயில் கொளுத்தும்போது வைப்பர் ஒரு தடவை ஆடிவிட்டு அடங்கும். நான் இறங்கிக் கதவைச் சாத்தினால் பூட்டிக்கொள்ளும், இரண்டடி நடந்தால் திறந்துகொள்ளும். ஒருநாள் டாஷ்போர்டில் இருந்த எச்சரிக்கை விளக்கு அத்தனையும் கார்த்திகை தீபம் மாதிரி ஒரே நேரத்தில் எரிந்தது. நான் யூடியூபில் நாலு வீடியோ பார்த்துவிட்டு எல்லா ஃபியூஸையும் பிடுங்கி, துடைத்து, திரும்பச் செருகினேன். விளக்கெல்லாம் அணைந்தது. "பாத்தியா?" என்று கலாவிடம் காலரைத் தூக்கிக் காட்டினேன். மறுநாள் வலது இண்டிகேட்டரைப் போட்டால் இடது பக்கம் எரிந்தது.

அப்புறம் மீட்டர் வைத்துப் பார்த்தேன். சின்ன பேட்டரியில் பன்னிரண்டு வோல்ட் கூட இல்லை. கடைக்கு வருகிறவர்களின் பேட்டரியில் அந்த அளவு காட்டினால் முகத்தை எழவு வீட்டுக்குப் போனவன் மாதிரி வைத்துக்கொண்டு, "போயிடுச்சுங்க, புதுசு போட்டுடுங்க" என்று சொல்வது என் தொழில். என் காருக்கு அதே அளவு காட்டியதும் நான் என்ன செய்தேன் தெரியுமா? மீட்டரை மாற்றினேன்.

இந்த லட்சணத்தில்தான் என் தங்கை தேன்மொழியின் பெண்ணுக்குக் காதுகுத்து வந்தது. திண்டிவனத்தில் ஒரு மண்டபத்தில், வெள்ளிக்கிழமை காலையில். தேன்மொழி வீட்டை எதிர்த்துக் காதல் கல்யாணம் செய்துகொண்டவள். எங்கள் அப்பா அம்மா இப்போது இல்லை. பிறந்த வீடு என்று அவளுக்கு இருப்பது நான் ஒருத்தன்தான். அவளுடைய மாமியார் வாயைத் திறந்தால் மூடத் தெரியாத அம்மாள். "உங்க பக்கத்துலேர்ந்து யார்தான் வருவாங்க? சீர்னு ஒண்ணு வருமா?" என்று கல்யாணமான நாளிலிருந்து குத்திக் காட்டிக்கொண்டே இருந்தவர். காதுகுத்தும்போது குழந்தை தாய்மாமன் மடியில் உட்கார வேண்டும், தாய்மாமன் வாங்கி வந்த தோடுதான் காதில் ஏற வேண்டும். அதற்கும் அந்த அம்மாள் ஒரு கெடு வைத்திருந்தார். "பத்தரைக்கு ராகுகாலம். அதுக்குள்ள உங்க அண்ணன் வரலன்னா எங்க பெரியவன் மடியில வெச்சிக் குத்திடுவோம். நாங்க ஒண்ணும் காத்துக்கினு இருக்க முடியாது."

தேன்மொழி எனக்கு போன் போட்டு இதைச் சொன்னாள். "அண்ணா, சபையில எம் மானத்தைக் காப்பாத்துண்ணா. அது போதும்." எனக்கு வீரம் பொத்துக்கொண்டு வந்தது. "கார்ல சீரோட வந்து எறங்குறேன் பாரு, உம் மாமியாரு வாயடைச்சிப் போவணும்" என்றேன்.

அன்று காலை டிக்கி முழுக்கச் சீர்வரிசைத் தட்டு. ஜாங்கிரி, முறுக்கு, ஆப்பிள், பட்டுப் பாவாடை, ஒரு முழு வாழைத்தார், அதற்கு நடுவில் வெற்றிலைத் தட்டில் தங்கத் தோடு. பின்சீட்டில் கலா. முன்சீட்டில் என் மாமனார். ஆயுசெல்லாம் லாரி ஓட்டி ரிட்டயர் ஆனவர். சத்தம் போடாத வண்டியை வண்டி என்றே ஒத்துக்கொள்ளாதவர். முண்டியம்பாக்கம் தாண்டும்போதே டாஷ்போர்டு இரண்டு தடவை கண் சிமிட்டியது. "இன்னா மாப்ள, லைட்டு எரிஞ்சி எரிஞ்சி அணையுது?" என்று கேட்டார். "அது செட்டிங்க்ஸ் மாமா" என்றேன். (அது என்ன செட்டிங்க்ஸ் என்று இன்றைக்கு வரை எனக்கும் தெரியாது.)

கூட்டேரிப்பட்டுக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு டீக்கடை, பக்கத்தில் பூக்கடை. குழந்தைக்குப் போட மாலை வாங்க வேண்டும் என்று கலா சொன்னாள். நான் புத்திசாலி அல்லவா, வண்டியை அணைக்கவில்லை. ஓடும் நிலையிலேயே விட்டால் பெரிய பேட்டரி சின்னதுக்கு ஊட்டிக்கொண்டிருக்கும். மாமனாரையும் சாவியையும் உள்ளே விட்டுவிட்டு நானும் கலாவும் மாலைக்குப் பேரம் பேசப் போனோம்.

மாமனார் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டிருக்கிறார். எஞ்சின் சத்தம் இல்லை. ஆக, வண்டி நின்றுவிட்டது. மருமகன் வருவதற்குள் ஸ்டார்ட் பண்ணி வைப்போம் என்று பட்டனை அமுக்கியிருக்கிறார். ஓடிக்கொண்டிருந்த வண்டி நிஜமாகவே அணைந்தது. திரும்ப அமுக்கினார், ரேடியோ பாடியது. இன்னொரு தடவை அமுக்கினார், ஃபேனும் சுற்றியது. மனுஷனுக்குப் பரம திருப்தி. ஃபேனை முழு வேகத்தில் வைத்து, ரேடியோவை ஊருக்கே கேட்கும்படி ஏற்றி, ஹெட்லைட்டையும் ஒரு தடவை போட்டுப் பார்த்துவிட்டு, அதை அணைக்கத் தெரியாமல் அப்படியே விட்டுவிட்டார். அத்தனை பாரமும் அந்த சோப்பு டப்பாவின் தலையில்.

நான் மாலையோடு வந்தபோது ரேடியோ இழுத்து இழுத்துப் பாடிக்கொண்டிருந்தது. "ஸ்டார்ட் பண்ணி வெச்சிருக்கேன் மாப்ள, ஏறுங்க" என்றார் பெருமையாக. நான் பிரேக்கை மிதித்துப் பட்டனை அமுக்கினேன். டிக்டிக்டிக் என்றது. ஸ்கிரீன் மங்கியது. அப்புறம் ஒன்றுமே இல்லை.

டீக்கடையில் இருந்தவர்கள் டம்ளரை வைத்துவிட்டு வந்தார்கள். நம் ஊரில் கார் நின்றால் தள்ள வேண்டும். அது என்ன கார் என்று கேட்கிற வழக்கம் கிடையாது. "இது தள்ளி ஸ்டார்ட் ஆவாதுங்க, கியரே நியூட்ரலுக்கு வராதுங்க, அதுக்கும் கரண்ட் வேணுங்க" என்று கத்தினேன். "நீ குந்து சாரே, ஜல்தியா முடிச்சிடலாம்" என்று தோளைக் கொடுத்தார்கள். கார் முன்னும் பின்னும் ஆடியது, ஒரு அங்குலம் நகரவில்லை. "இன்னாபா வண்டி இது? எருமைய தள்ளுனாகூட ரெண்டடி போவும்" என்று ஒருவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். எனக்கு ரோஷம் வந்தது.

ஒரு வேன்காரர், "ஒயர் இருக்குதுங்க, உங்க பேட்டரி எங்க?" என்று கேட்டார். டிக்கியில் என்றேன். திறங்க என்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. டிக்கியைத் திறக்கக் கரண்ட் வேண்டும். கரண்ட் கொடுக்க டிக்கியைத் திறக்க வேண்டும். இந்த ஏற்பாட்டைச் செய்த என்ஜினியர் எந்த நாட்டில் இருக்கிறாரோ, அவருக்குக் கை நிறையச் சம்பளம் வேறு கொடுத்திருப்பார்கள். வேன்காரர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கிளம்பிவிட்டார்.

"உள்பக்கமா டிக்கியைத் திறக்க ஒரு லீவர் இருக்கு, நான் சீட்டைத் தாண்டிப் போயி தொறக்குறேன்" என்றேன்.

"உங்க ஒடம்புக்கா?" என்றாள் கலா. "நான் போறேங்க, நவுருங்க."

கேட்டேனா? பட்டு வேட்டியும் பட்டுச் சட்டையுமாகப் பின்சீட்டின் மேலே ஏறி, தலைகுப்புற டிக்கிக்குள் இறங்கினேன். வயிறு சீட்டின் உச்சியில் மாட்டிக்கொண்டு அந்தரத்தில் நின்றது. மாமனார் நல்லெண்ணத்தில் காலைப் பிடித்து ஒரு தள்ளு தள்ளினார். ஜாங்கிரித் தட்டின் மேல் போய் விழுந்தேன். திரும்பி உட்கார்ந்தபோது இடுப்பில் 'களுக்' என்றது. அதோடு சரி, அசைய முடியவில்லை. கை எட்டிய தூரத்தில் இருந்த லீவரை இழுத்தேன். பழைய பிளாஸ்டிக், கையோடு வந்துவிட்டது. பேட்டரி மூடி எங்கே என்று பார்த்தால் அதன் மேல்தான் நான் உட்கார்ந்திருந்தேன்.

இப்போது காட்சியைப் பாருங்கள். பின்னால் முழுக்கக் கண்ணாடி. அதற்குள் வாழைத்தாருக்கும் ஆப்பிள் தட்டுக்கும் நடுவில், வேர்த்து வழிந்தபடி, சீர்வரிசையில் நானும் ஒரு உருப்படி. ஹைவேஸில் போகிற பஸ்ஸெல்லாம் வேகத்தைக் குறைத்துப் பார்த்துவிட்டுப் போனது. ஒருவர் செல்போனில் படமே எடுத்தார்.

"தோட்டைக் குடுங்க. நான் பஸ்ஸைப் புடிச்சி கொண்டுக்கினு போறேன்" என்றாள் கலா.

"தோடு போவும்டி. மடி?"

அவள் சிரிக்கவில்லை. மணி பத்தை நெருங்கிக்கொண்டிருந்தது. போன் அடித்தது. தேன்மொழி. "வந்துக்கினே இருக்கேம்மா, டோல்கேட்டுல கூட்டம்" என்று நான் அளந்துகொண்டிருக்கும்போதே கலா எட்டிப் போனைப் பிடுங்கினாள். "தேனு, உங்க அண்ணன் டிக்கில மாட்டிக்கினாரு. இடுப்பு புடிச்சிக்கிச்சி. வண்டி செத்துப்போச்சி" என்று ஒன்று விடாமல் சொன்னாள். அந்தப் பக்கம் தேன்மொழி, "எங்க நிக்கிறீங்க?" என்று மட்டும் கேட்டாள். கூட்டேரிப்பட்டு பூக்கடை என்றாள் கலா. போன் கட்டாகிவிட்டது.

எனக்கு அழுகை வந்துவிட்டது. உண்மையாகவே சொல்கிறேன். இனி ஆயுசுக்கும் அந்த மாமியார் இதைச் சொல்லிச் சொல்லி அவளைக் கிழிப்பார். கூடப் பிறந்தவள் கேட்டது ஒரே ஒரு மடி. அதைக் கொண்டுபோய்ச் சேர்க்கத் துப்பில்லாமல் ஜாங்கிரியின் மேல் உட்கார்ந்திருக்கிறேன். ஒரு பேட்டரி, கடையில் நான் தினமும் விற்கிற சமாச்சாரம், அதை மாற்ற எனக்கு வலித்தது. சீ, நானும் ஒரு மனுஷனா என்று இருந்தது.

ராகுகாலத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு வேன் வந்து பக்கத்தில் நின்றது. முதலில் தேன்மொழி குதித்தாள். இடுப்பில் குழந்தை, மொட்டைத் தலையில் சந்தனம். பின்னாலேயே காதுகுத்தும் ஆசாரி, தங்கச்சி புருஷன், அவர்கள் வீட்டு உறவெல்லாம். கடைசியாக மாமியார் இறங்கினார். கண்ணாடிக்குள் என்னைப் பார்த்ததும் அவருக்கு வாயடைத்துப் போனது. நான் சபதம் போட்ட மாதிரியே நடந்தது, வேறு விதமாக.

அவர் சுதாரித்துக்கொண்டு, "நடு ரோட்டுலயாடி காது குத்துவாங்க? அசிங்கம்!" என்றார்.

"ரோட்டுல இல்ல அத்த, மாமன் மடியில" என்றாள் தேன்மொழி. "மண்டபம் எங்க வேணா கெடைக்கும். எனக்கு இருக்கறது ஒரு அண்ணன்." மாமியார் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நகர்ந்து வழிவிட்டார்.

குழந்தையைச் சீட்டுக்கு மேலாகத் தூக்கி என் மடியில் இறக்கினாள். கலா மாலையைப் போட்டாள். ஆசாரி செருப்பைக் கழற்றிவிட்டுப் பின்சீட்டில் மண்டியிட்டார். "மாமா, கொழந்தை தலையக் கெட்டியாப் புடிச்சிக்குங்க, ஆடாதீங்க" என்றார். நான் எங்கே ஆடுவது? குத்தினார். குழந்தை வீறிட்டுக் கத்தி என் இடுப்பில் ஒரு உதை விட்டது. நான் அதைவிடச் சத்தமாகக் கத்தினேன். டீக்கடைக்காரர்கள் கை தட்டினார்கள். கலாவுக்கு இன்னும் அலுக்காத அந்தச் சிரிப்பு அந்த இடத்தில்தான் ஆரம்பித்தது.

எல்லாம் முடிந்து முறுக்கு விநியோகம் நடக்கும்போது தேன்மொழி சும்மா பானட்டைத் திறந்து பார்த்தாள். "அண்ணா, இது இன்னா? செவப்பு மூடி, மேல பிளஸ் போட்டுக்கிது." பேட்டரி பின்னால் இருக்கிற காருக்கு, முன்னாலிருந்தே கரண்ட் கொடுக்க வைத்திருக்கிற இடம் அது. பேட்டரியே இல்லாத பக்கத்தில் என்ன வேலை என்று, ஃபியூஸைத் துடைத்த நாளில்கூட அந்த மூடியை நான் தொட்டதில்லை. அவர்கள் வேனிலிருந்து ஒயர் போட்டதும் கார் 'டிங்' என்று எழுந்தது. டிக்கி தானாகத் திறந்தது. என்னை நாலு பேர் பிடித்து இறக்கினார்கள். மண்டபத்தில் ஒரு பெஞ்சில் படுக்கப் போட்டு, இலையைப் பக்கத்தில் வைத்து, கலாதான் சாப்பாடு ஊட்டினாள். மறுநாள் சின்ன பேட்டரி புதுசு போட்டேன். கடிகாரம், வைப்பர், இண்டிகேட்டர் எல்லாம் ஒரே நாளில் யோக்கியமாகிவிட்டன.

தேன்மொழியின் மாமியார் அதற்குப் பிறகு "உங்க பக்கத்துலேர்ந்து யார் வருவாங்க" என்று ஒரு நாளும் கேட்டதில்லை. இப்போது அவர் பேச்சு வேறு. போன வாரம் அவர்கள் வீட்டில் ஒரு விசேஷம் வைப்பது பற்றிப் பேச்சு வந்ததாம். எந்த மண்டபம் பார்க்கலாம் என்று தேன்மொழி கேட்டிருக்கிறாள்.

"மண்டபம் இன்னாத்துக்குடி?" என்றாராம் அந்த அம்மாள். "உங்க அண்ணன் கார எடுத்துக்கினு கெளம்பட்டும். எங்க நிக்கிதுன்னு போன் போட்டு கேட்டுக்கினு, அங்கயே பந்தல் போட்டுக்கலாம்."